வடக்கு மாட வீதியில் விழுந்த கம்பம்

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இன்றைக்கும் முறுக்கைக் கடித்துத் தின்கிற பெரியவர்களில் பலர் ரூஹியின் புண்ணியத்தில்தான் கடிக்கிறார்கள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. அவளுக்கும் அவர்கள் முகம் தெரியாது, வாய் மட்டும் தெரியும். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்புறம், இரண்டாவது மாடியில் இருக்கிற பல் லேபில் அவள் டெக்னீஷியன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். ரூஹி மெழுகில் பல்லை அடுக்கி, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் ஈறு வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

வேலையில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது? கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்க்காமல் பெண்ணின் கடைவாயைப் பார்க்கிறோமே என்று அவளுக்கே தன் மேல் எரிச்சல். இதிலிருந்து எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒரே குறியாக இருந்தாள்.

வெளியே வர வழி ஒன்று இருந்தது. அது விளையாட்டாக ஆரம்பித்தது. லேபில் மிஞ்சிய பிளாஸ்டரை வீணாக்க மனசு வராமல் ஒருநாள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டீக்கடை செய்தாள். பிறகு ஒரு பஸ் ஸ்டாப். பிறகு கோடம்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டு. ரயில் பொம்மைப் பைத்தியங்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் ஓர் அளவு உண்டு, எதையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்குவது. அந்தக் கணக்கில் ஆறடி ஆள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் உயரமாக நிற்பான். அந்த அளவில் மனுஷர்கள் பாக்கெட்டாகவே ஆன்லைனில் கிடைப்பார்கள். ஒரே சிக்கல், எல்லாரும் வெள்ளைக்காரர்கள். கோட்டு, தொப்பி, கையில் பெட்டி.

ரூஹி முதலில் தொப்பியைச் சுரண்டி எடுப்பாள். கோட்டின் மேல் டிஷ்யூ பேப்பரைப் பசை தொட்டுச் சுற்றி வேட்டியோ புடவையோ கட்டிவிடுவாள். பெட்டிக்குப் பச்சை அடித்தால் காய்கறிப் பை. ஒரு பாக்கெட் துரைமார்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மந்தைவெளிக்காரர்களாக மாறிவிடுவார்கள். தேங்காய்க்குக் கடுகு, தக்காளிக்குச் சாயம் போட்ட கசகசா, சாலை ஜல்லிக்கு ரவை, கரண்ட் கம்பிக்குப் பல்லிடுக்கு சுத்தம் செய்கிற நூல். புருஷன் ஹம்மாத் பாண்டி பஜாரில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், நல்ல சமையல்காரன், ரசத்துக்குத் தாளிக்க டப்பாவைத் திறந்தால் கடுகு இருக்காது. "இன்னா ரூஹி, இன்னிக்கு இன்னொரு தேங்காய்க் கடையா?" என்பான். இருவருக்கும் வீட்டுக்குள் உருது, தெருவில் தமிழ், கோபமும் கிண்டலும் வந்தால் இரண்டும் கலந்து.

அடையாறில் அனுப்ரியா என்று ஒருத்தி மியூசியங்களுக்கு இப்படிப்பட்ட மாதிரிக் காட்சிகள் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தாள். ரூஹி தன் பஸ் ஸ்டாப்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே போய்க் காட்டி வேலை கேட்டாள். பஸ்ஸுக்குள் ஒரு பஸ் ஸ்டாப். அனுப்ரியா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கை ரொம்ப சுத்தம். ஆனா எல்லாரும் குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்களே" என்றாள்.

ரூஹிக்கு அது அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஹம்மாத்திடம் சொன்னாள். அவன் பஸ் ஸ்டாப்பின் மேல் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சரியாத்தான் சொல்லிகீறாங்க. மேல் வரிசை, கீழ் வரிசை. நடுவுல ரெண்டு பேர் முன்பல்லு. அல்லாரும் ஒரே இடைவெளில நிக்கிறாங்க பாரு. நீ ஜனத்த நிறுத்தல ரூஹி, பல் செட் கட்டிகீறே."

பத்து வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? எதை எடுத்தாலும் அவளுக்கு வரிசையாக, சீராக, ஒன்றை ஒன்று இடிக்காமல்தான் வைக்க வந்தது. கலைத்து வைக்கலாம் என்று கலைத்தால், அந்தக் கலைப்பும் சம தூரத்தில் கலைந்து நின்றது. அவளுக்கு அழாத குறை.

இந்த நிலைமையில்தான் கனகவல்லி மாமி வந்து சேர்ந்தாள். மயிலாப்பூர்க்காரி, டெலிபோன் டிபார்ட்மென்ட்டில் இருந்து ரிடையர் ஆனவள், கணீரென்ற குரல். ரூஹி செய்த பல் செட் மாமி வாயில் அப்படிப் பொருந்திவிட்டதாம். செய்தது யார் என்று டாக்டரைக் குடைந்து விலாசம் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி லேபுக்கே வந்துவிட்டாள். வந்தவள் கண்ணில் ஜன்னலோரத்து டீக்கடை பட்டது.

"ஏண்டிம்மா, இதுவும் நீ பண்ணினதுதானா? வாய்க்குள்ள அவ்ளோ அழகா பண்றவ, ஆத்துக்குள்ள பண்ண மாட்டியா? இந்த வருஷம் எங்காத்துக் கொலுவுக்கு பார்க் நீதான் வெக்கறே."

கொலுப் படிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மிருகக்காட்சி சாலையோ, கிராமமோ, கிரிக்கெட் மைதானமோ வைப்பார்களே, அதற்குத்தான் பார்க் என்று பேர். மாமி கேட்டது வடக்கு மாட வீதி. அதுவும் நவராத்திரிக்கு முன்னால் பிளாட்பாரம் நெடுக கொலு பொம்மைக் கடைகள் போட்டிருக்கும் வடக்கு மாட வீதி. கொலுவுக்குள்ளேயே கொலு பொம்மைக் கடை! பொம்மைக்கு விற்கிற பொம்மை அரிசி நொய் அளவுதான் வரும். ரூஹிக்குக் கை பரபரத்தது.

மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த மெட்ரோ தகரம், தோண்டின பள்ளம், மண்ணு மேடு, இதெல்லாம் வேண்டாம். வெளில பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. ஆத்துக்குள்ளயாவது தெரு தெருவா இருக்கட்டும்."

மாமி வீட்டுக் கொலுவில் தெரு வைக்கிறேன், வந்து பார்ப்பீர்களா என்று அனுப்ரியாவுக்கு ரூஹி தயங்கித் தயங்கி ஒரு மெசேஜ் போட்டாள். பதில் வந்தது. பட்டறையில் ஒரே ஓர் இடம் காலி, வேறு ஒருவரும் கேட்டிருக்கிறார், கொலு அஞ்சாம் நாள் சாயங்காலம் மயிலாப்பூர்ப் பக்கம் வருவேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று. ரூஹி அந்த மெசேஜை ஹம்மாத்திடம் நாலு தடவை வாசித்துக் காட்டினாள். நாலாவது தடவை அவன் கூடவே சேர்ந்து ஒப்பித்தான்.

கடைசி ஒரு மாதம் அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. மேஜையில் வடக்கு மாட வீதி இருந்தது. கோபுரத்தின் ஒரு மூலை, ஓட்டு வீடு ஒன்று, மாடிக் கட்டடம் மூன்று, பொம்மைக் கடைகள், பூக்கடை, சைக்கிளில் காபி விற்பவர், கோலப்பொடி. ஒவ்வொரு கடையிலும் தசாவதாரம் செட் உண்டு, எண்ணிப் பார்த்தால் பத்தும் இருக்கும். அத்தனை நுணுக்கத்தையும் அவள் ஒரே ஓர் இடுக்கியால்தான் எடுத்து வைத்தாள். பல் லேபில் எல்லாரும் ட்வீசர் என்பார்கள். அரைச் சாண் நீளம், எவர்சில்வர், நுனி லேசாக வளைந்திருக்கும். வேறு இடுக்கி எதுவும் அவள் கைக்குச் சரிப்படாது.

நவராத்திரி முதல் நாள் காலையில் தெருவைத் துண்டு துண்டாக ஆட்டோவில் கொண்டுபோய் மாமி வீட்டுக் கூடத்தில் பொருத்தினாள். மாமி அவள் தலைக்கு மேலேயே நின்றாள்.

"ஆச்சாடி? ராகு காலம் வந்துண்டே இருக்கு."

"ஆச்சு மாமி, பூக்கடையில இந்த ஒரு சரம் மட்டும்."

"சரம் இருக்கட்டும், நீ எழுந்துக்கோ. கலசம் வெக்கணும்."

ரூஹி எழுந்தாள். மாமி கலசம் வைத்தாள், விளக்கு ஏற்றினாள், ஆரத்தி எடுத்தாள். ரூஹி குங்குமம் வேண்டாம் என்று வெற்றிலை பாக்கும் சுண்டலும் வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். அன்றைய முதல் பல் செட்டை எடுத்து மேஜையில் வைத்து இடுக்கிக்குக் கை நீட்டினாள். இடுக்கி இல்லை. பையில் இல்லை. மேல்கோட்டுப் பையில் இல்லை. அந்த நேரம் பார்த்து மாமி போட்டோ அனுப்பினாள், கூடவே மூன்று கைகூப்பு. ரூஹி போட்டோவை விரலால் விரித்துப் பார்த்தாள்.

வடக்கு மாட வீதியின் நட்ட நடுவில், பூக்கடைக்கும் பொம்மைக் கடைக்கும் இடையே, தெருவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, பளபளவென்று படுத்திருந்தது அவள் இடுக்கி.

உடனே போன் போட்டாள். "மாமி, ஒரு சின்ன விஷயம். தெருவுல ஒரு ட்வீசர் கீது பாருங்க. அத மட்டும் எடுத்து ஓரமா வெச்சிடுங்களேன்."

"எடுக்கறதா?" மாமியின் குரல் ஏறியது. "கலசம் வெச்சாச்சு, ஆவாகனம் பண்ணியாச்சு. இனிமே விஜயதசமி ராத்திரி பொம்மையைப் படுக்க வெக்கற வரைக்கும் ஒண்ணைத் தொடப்படாது, ஒண்ணை எடுக்கப்படாது. எங்காத்துல மாமியார் காலத்துலேர்ந்து வழக்கம்."

"அது பொம்ம இல்ல மாமி. என் சாமான்."

"கொலுவுல இருக்கோல்லியோ? இருந்தா கொலுதான்."

மறுநாள் சாயங்காலம் ரூஹி நேரிலேயே போனாள். கூடத்தில் நாலைந்து பேர் பாட்டு முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். மாமி அடுக்களைக்குள் போனதும் ரூஹி மெல்ல உட்கார்ந்து, தெருவைப் பார்ப்பவளைப் போலக் கையை நீட்டினாள். விரல் இடுக்கியைத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி.

"கை!"

மாமிக்கு முதுகிலும் கண் இருந்தது போலிருக்கிறது. ரூஹி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்த ஒரு மாமா குனிந்து பார்த்து, "இது என்ன மாமி, கடப்பாரையா?" என்று கேட்டார். இன்னொருத்தி புருவம் பிடுங்குகிறதோ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமியின் முகம் சுருங்கிவிட்டது. ஊரையே கூப்பிட்டு வைத்த கொலுவில் இப்படி ஒரு கேலி அவளுக்கும் உறைத்தது, ஆனால் தன் வீட்டுச் சட்டத்தைத் தானே மீறுவது அவள் ஜாதகத்தில் கிடையாது.

வெளியே வரும்போது மாமி சன்னமான குரலில் கேட்டாள். "ஏண்டி, வந்தவா எல்லாம் கேக்கறாளே. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"எடுக்கக் கூடாது, சரி. எதுனா சேக்கலாமா மாமி?"

மாமி யோசித்தாள். "சேக்கலாம். லக்ஷ்மி உள்ள வரலாம், வெளியதான் போப்படாது."

ரூஹி அந்தப் பதிலை வாங்கிக்கொண்டாளே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது நாள் எண்ணினாள். அஞ்சாம் நாள் அனுப்ரியா வருவாள். பல் செட் மாதிரி நிற்கிற ஜனங்கள், நடுவில் ஒரு பல் இடுக்கி. இதைவிடப் பொருத்தமாக ஒருத்தி தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

ராயப்பேட்டையில் இறங்கித் தன் சந்துக்குள் திரும்பினாள். சந்தில் ஒரு விளக்குக் கம்பம் கிடந்தது. வெயில் காலத்துக்கு முன்னால் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாளைக்கு நடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள்தான், அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை. ரூஹி தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாள். அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள். கம்பத்தின் ஒரு முனையில் பூ விற்கிற அம்மாசி உட்கார்ந்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் யாரோ ஒரு போர்வையை உலர்த்தியிருந்தார்கள். நாய் ஒன்று கம்பத்துக்கு அணைவாகச் சுருண்டு கிடந்தது. வண்டிகளெல்லாம் கம்பத்துக்கு இணையாக நிறுத்தப்பட்டிருந்தன, பார்க்கிங் கோடு என்று நினைத்துவிட்டார்கள் போலும். அதன் மறுமுனையில் ஹம்மாத் காலை ஆட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

சென்னையில் தெருவில் ஒரு சாமான் விழுந்தால் ஒரு வாரத்துக்குத் திட்டுவார்கள். அப்புறம் அதன் மேல் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். ரூஹி கம்பத்தைப் பார்த்தாள். ஒரு கோடியில் பெருத்து, போகப் போகச் சிறுத்து, நுனியில் வளைந்து, விளக்கு மாட்ட இரண்டு கை. எண்பத்தேழில் ஒரு பங்கு என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா, தனியா சிரிச்சிக்கினு வர?" என்றான் ஹம்மாத்.

"எழுந்திரிங்க. நீங்க எப்டி குந்தினு இருந்தீங்க, அப்டியே திரும்ப குந்துங்க. கால் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவனை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி உட்கார வைத்துப் பார்த்தாள். அம்மாசி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, "இன்னா நைனா, சினிமால சேத்துக்கினாங்களா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரியே அந்தக் கம்பத்து ஜனங்களைச் சின்னதாகச் செய்ய உட்கார்ந்தாள், லேசாக இல்லை. செய்கிற சாமானே தெருவில் படுத்திருக்கிறதே! ஊசி நுனியில் துளி மெழுகை உருட்டி வைத்து, அதில் ஆட்களை ஒட்டி ஒட்டித் தூக்கினாள். மெழுகு நழுவ, ஆட்கள் கோணலாக விழுந்தார்கள். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அவள் கவனித்தாள், கோணலாக விழுந்தவன்தான் பார்க்க நிஜமாக இருந்தான். நிமிர்த்தப் போன ஊசியை அப்படியே நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் யாரையும் நிமிர்த்தவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமி வீட்டுக்குப் போய் எதையும் எடுக்காமல், எதையும் நகர்த்தாமல், சேர்க்க மட்டும் செய்தாள். இடுக்கியின் தடித்த முனையில் ஒரு பூக்காரி. அவள் காலடியில் சுருண்ட நாய். இடுக்கிக்குக் குறுக்கே ஒரு போர்வை. வளைந்த நுனியில் தெருவாசி யாரோ கட்டிவிட்ட சிவப்புத் துணி, இருட்டில் வண்டிக்காரன் இடித்துவிடக் கூடாதே என்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கித் தாண்டுகிறவர், முன்னால் பார்த்து ஓட்டாமல் பின்னால் திரும்பித் திட்டிக்கொண்டே ஓட்டுகிற ஸ்கூட்டர்காரன். மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்தாள்.

"என்னடி இது? குப்பையெல்லாம் வேண்டாம்னேனே."

"குப்ப இல்ல மாமி, லைட்டுக் கம்பம். நடறதுக்குக் கொண்டாந்து போட்டுகீறாங்க."

"நடுத் தெருவுலயா? யாரு போடுவா?"

"கார்ப்பரேஷன்தான் மாமி, வேற யாரு?"

மாமி மறுபடி குனிந்து, கால் தூக்கித் தாண்டுகிறவரைப் பார்த்தாள். "இது எங்காத்து எதிர்வீட்டு ராமபத்ரன் மாதிரியே இருக்கு. அவனும் இப்படித்தான் ஒத்தைக் கையால வேஷ்டியைப் பிடிச்சிண்டு தாண்டுவான்" என்றாள். அவ்வளவுதான், மெட்ரோ தகரம் வேண்டாம் என்று சொன்ன மாமி கட்சி மாறிவிட்டாள்.

நாலாம் நாள் கூடம் கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் ஏழு படியையும் ஒரு பார்வை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேரே தரையில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரிடமும் ஒரு கம்பம் இருந்தது. எங்க தெருவுல குழாய், எங்க தெருவுல கேபிள் சுருளை, எங்க பக்கத்துல ரெண்டு வருஷமா ஒரு ரோடு ரோலரே நிக்கறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமி ஒரு தட்டில் சுண்டலும் இன்னொரு கையில் டார்ச்சுமாக நின்று, "கார்ப்பரேஷன்காரா போட்டுட்டுப் போனது" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினாள். சொந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது.

ரூஹிக்குச் சேர்க்கச் சேர்க்க இன்னும் சேர்க்கத் தோன்றியது. அன்று அவள் கொண்டுவந்தது இரண்டே பேர். கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் அவள் புருஷன். பெண் கையில் அப்போதுதான் வாங்கிய கிருஷ்ணர் பொம்மை. தாண்டினால் உடைத்துவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கையாலும் அதைக் கம்பத்துக்கு மேலாக நீட்டுகிறாள். அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறான். பொம்மை இருவர் கைக்கும் நடுவில் இருந்தது. அதை வைத்து முடித்துவிட்டு ரூஹி ஊசியைப் பையில் போட்டாள். இந்த ஒன்றை அவள் செய்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை, எங்கேயோ பார்த்ததாகத்தான் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

அஞ்சாம் நாள் மத்தியானம் ஹம்மாத் அவளுக்குப் பாடம் எடுத்தான். "அந்தம்மா கேட்டா ட்வீசர் மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாத. கான்செப்ட்னு சொல்லு. கான்செப்ட்டுன்னா அல்லாரும் கம்முனு ஆய்டுவாங்க."

"கான்செப்ட்" என்று ரூஹி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அனுப்ரியா சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மாமிக்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து போனில் டார்ச்சைப் போட்டாள். கோபுர மூலையில் இருந்து ஆரம்பித்துக் கடை கடையாகப் போனாள். கடுகுத் தேங்காயைப் பார்த்தாள், தசாவதாரத்தைப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரூஹி சுவரோரம் நின்று துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சம் பூக்கடையைத் தாண்டி இடுக்கி மேல் வந்து நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"கார்ப்பரேஷன்காரா..." என்று மாமி ஆரம்பித்தாள்.

அனுப்ரியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தலையை இன்னும் தாழ்த்தி, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, தெருவில் நடக்கிற ஆளின் கண் மட்டத்தில் இருந்து அந்த இரண்டு பேரையும் நடுவில் இருந்த கிருஷ்ணரையும் பார்த்தாள். பிறகு எழுந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு, மாமி கொடுத்த வெற்றிலை பாக்கைப் பையில் போட்டுக்கொண்டு, வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் படி இறங்கினாள். ரூஹி அவள் பின்னாலேயே வாசல் கேட் வரைக்கும் போனாள்.

கேட்டில் அனுப்ரியா திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன். அந்தக் கம்பம் யோசிச்சு வெச்சதா?"

கான்செப்ட் என்கிற சொல் ரூஹியின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆமாம் என்றால் முடிந்தது. வேலை, பல்லிலிருந்து விடுதலை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கம்பத்துக்கு மேலாகப் பொம்மையை நீட்டுகிறாளே, அவளை நினைத்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மேடம். மறந்து வெச்சது. அப்பறம்தான் யோசிச்சேன்."

அனுப்ரியா தலையாட்டினாள். "பல் லேப் ட்வீசர்னு உக்காந்த உடனே தெரிஞ்சுது. யோசிச்சு வெச்சதுன்னு சொல்லியிருந்தா, நல்ல ஐடியான்னு சொல்லிட்டு என் வழிய பாத்துக்கினு போயிருப்பேன்." கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கினாள். "நம்ம பட்டறையில தப்பே பண்ணாதவங்க நாலு பேர் இருக்காங்க ரூஹி. தப்பு பண்ணினா என்ன செய்யறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் பேத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. நீங்க விஜயதசமி அன்னிக்கே வந்து சேர்ந்துடுங்க, நல்ல நாள். எங்ககிட்ட அவங்கவங்க ட்வீசர்தான், உங்களுத மறக்காம எடுத்துக்கினு வந்துடுங்க."

"அன்னிக்கு முடியாது மேடம்" என்றாள் ரூஹி.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலை கொடுக்கிறவளிடம் முதல் வார்த்தையே முடியாது என்றா பேசுவது? நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பொம்மய படுக்க வெச்ச பிற்பாடுதான் மாமி எடுக்க உடுவாங்க. ட்வீசர் அதுவரைக்கும் தெருவுலதான் மேடம்."

அனுப்ரியா மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மாமி அங்கே டார்ச்சுடன் நின்று, இருவரையும் மறைவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வெறுங்கையோட வாங்க" என்று சொல்லிவிட்டு அனுப்ரியா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ரூஹி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிற வருகிற மயிலாப்பூர் முழுக்கப் பார்க்க, துப்பட்டாவால் கூட மூடிக்கொள்ளாமல், நன்றாக அழுதாள். மேலிருந்து மாமி, "வேலை கிடைச்சுதோன்னோ? அழுதது போறும், மேல வா, சுண்டல் ஆறிண்டு இருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.